வெண்மதி அக்காவின் தண்ணீர்க் கணக்கு

தண்ணீர் எப்போது வரும் என்று தெரிந்துகொள்ள எங்கள் ஊரில் வெண்மதி அக்கா வீட்டுக்குத்தான் போவார்கள்.

எங்கள் ஊர் நாகமரைக்குக் கொஞ்சம் கீழே, மேட்டூர் அணைத் தண்ணீரின் வால் பகுதியில் இருக்கிறது. அணை நிறைந்திருக்கும் மாதங்களில் காவிரி எங்கள் வாசல்களுக்கு நூறடியில் நிற்கும். வெயில் காலத்தில் இறங்கி இறங்கி, எதிர்க் கரையை ஒட்டிய ஓர் ஓடை போலச் சுருங்கிவிடும். அது விட்டுப்போன மண்ணில் புல் முளைக்கும். எள்ளும் கம்பும் போடுவோம். ஊரே காய்ந்து கிடக்கும்போது ஆற்றுக்குள் மட்டும் பச்சை இருக்கும். மாடுகளை ஓட்டிப்போய் ஆற்றுத் திட்டுகளில் கட்டி, மேலே ஒரு கீற்றுச் சாய்ப்பு போட்டு, வாரக்கணக்கில் விட்டுவைப்பார்கள். பிறகு ஒரு நாள் கர்நாடகத்தில் மழை பிடிக்கும். ஆறு தன் இடத்தைக் கேட்டுத் திரும்பி வரும்.

அது வரும் நேரத்தை அக்கா கணக்குப் போடுவார். மாநில எல்லையில் பிலிகுண்டுலுவில் இத்தனை ஆயிரம் கன அடி என்று போனில் செய்தி வந்ததும், நாள்காட்டியில் கிழித்த தாளைத் திருப்பி, சமையல் மேடையிலேயே வைத்துப் பெருக்குவார், வகுப்பார். "புதங்கெழம சாயந்தரம் எள்ளுக் கொல்லைக்கு வரும்" என்பார். புதன்கிழமை சாயந்திரம் வரும். சொன்ன நாளுக்கு இரண்டு நாள் முன்பாகவே மாடுகளை ஓட்டி வந்துவிடுவது ஊர் வழக்கம். அதற்கு அக்கா கோபித்துக்கொண்டதில்லை. "என்னைய நம்பித்தானே ரெண்டு நாள் கழிக்கிறீங்க" என்று சிரிப்பார்.

அக்கா எதிர்க் கரையில், கோட்டையூர்ப் பக்கம் பிறந்தவர். பன்னிரண்டாம் வகுப்பில் கணக்கில் மட்டும் பள்ளிக்கே முதல் மதிப்பெண். அடுத்த வருடம் கல்யாணப் புடவையோடு பரிசல் ஏறி இந்தக் கரைக்கு வந்துவிட்டார். கணவர் இளம்பரிதி பெங்களூரில் கட்டடங்களுக்குக் கம்பி கட்டுகிறார். மாதம் ஒருமுறை வருவார். மகள் தருமபுரியில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். அக்காவுக்கு நூறு நாள் வேலை, அது இல்லாத நாளில் களையெடுப்பு. இதற்கெல்லாம் முன்னும் பின்னும் செவலை.

செவலை அவர் மாடு. பிறந்த பத்தாம் நாள் தாய் மாடு செத்துப்போனதால், பால் புட்டியை வாயில் வைத்து அக்காதான் வளர்த்தார். போன வருடம் அதன் முதல் ஈற்று. கன்று வயிற்றிலேயே செத்துப் பிறந்தது. பிறப்பதற்கு ஒரு வாரம் முன்பே அக்காவுக்குத் தெரிந்துவிட்டதாம். வயிற்றில் கை வைத்தால் அசைவே இல்லை என்று என் அம்மாவிடம் சொல்லி அழுததை நான் உள்ளறையில் இருந்து கேட்டேன். இந்த வருடம் மறுபடி சினை. எட்டு மாதம் முடிந்திருந்தது.

ஆனி மாதக் கடைசி சனிக்கிழமை செய்தி வந்தது. அக்கா கணக்குப் போட்டு, திங்கட்கிழமை உச்சிவேளைக்குப் பெரிய திட்டு முங்கும் என்றார். வழக்கம்போல அன்று சாயந்திரமே எல்லோரும் தங்கள் மாடுகளை ஓட்டி வந்துவிட்டார்கள். அக்கா மட்டும் செவலையை விட்டுவைத்தார். வீட்டில் காய்ந்த சோளத்தட்டு தவிர ஒன்றும் இல்லை. இன்னும் ஒரு நாள் பச்சைப் புல் தின்னட்டும், கன்றுக்கு ஆகும் என்று நினைத்தார். திட்டுக்கும் கரைக்கும் நடுவில் முழங்கால் தண்ணீர்தான் ஓடிக்கொண்டிருந்தது. ஞாயிறு சாயந்திரம் நடந்துபோய் ஓட்டி வருவதாக இருந்தது.

ஞாயிறு காலை நான் கரைக்குப் போனபோது ஊரே அங்கு நின்றது. எனக்குப் பென்னாகரத்தில் ஜெராக்ஸ் கடையில் வேலை. ஞாயிறு ஒரு நாள்தான் விடுமுறை. பல் துலக்கிக்கொண்டே போனவன் துலக்குவதை நிறுத்திவிட்டேன். நேற்று நான் பார்த்த நிலம் இல்லை. நானூறு கெஜ அகலத்துக்குச் செம்மண் நிறத்தில் தண்ணீர் நகர்ந்துகொண்டிருந்தது. சத்தமே இல்லை. அவ்வளவு பெரிய ஒன்று சத்தமில்லாமல் நகர்வதைப் பார்க்கும்போது நாமும் வாயை மூடிக்கொள்கிறோம். அந்தப் பக்கம் பாதியாகக் குறுகிப்போன திட்டில், ஒரு செங்கல் அளவுக்குச் செவலை தெரிந்தது.

அக்கா கழுத்துவரை நனைந்து நின்றார். திட்டுக்கு நடந்து பார்த்துவிட்டுத் திரும்பியிருக்கிறார்.

ஆண்டி மாமா வேப்பங்குச்சியை வாயின் ஒரு மூலைக்குத் தள்ளிக்கொண்டு கேட்டார்: "ஏம்மா வெண்மதி, உன் கணக்குல இன்னிக்கி ஞாயித்துக்கெழமையா, திங்கக்கெழமையா?"

யாரோ சிரித்தார்கள். அக்கா போனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"வர்ற தண்ணியத்தான் பாத்தேன் மாமா. கீழ போற தண்ணியப் பாக்காத வுட்டுட்டேன். நேத்து மத்தியானமே அணையில தொறந்து வுடுறதக் கொறச்சிட்டாங்க. வந்ததெல்லாம் அப்பிடியே நிக்குது."

இத்தனை வருடத்தில் அவர் தவறு என்று ஒப்புக்கொண்டு நான் கேட்டது அதுதான் முதல் முறை. ஈரப் புடவை முந்தியை முறுக்கி முறுக்கிப் பிழிந்துகொண்டே இருந்தார். தண்ணீர் சொட்டி முடிந்த பிறகும் பிழிந்துகொண்டிருந்தார்.

மீன் பிடிக்கும் பச்சியப்பன் அண்ணன் தன் ஃபைபர் பரிசலைக் கரையில் கவிழ்த்துப்போட்டு அதன் மேல் உட்கார்ந்திருந்தார். அக்கா அவரிடம் போனார்.

"அண்ணா, பரிசல எடுங்க."

"எடுத்து? மாட்ட மடியில வச்சிட்டு வர்றதா?"

"நீந்த வச்சிக் கூட்டியாரலாம்."

"வெண்மதி, நான் சொல்றேன்னு கோச்சுக்காத. எளங்காள நீந்தும். எட்டு மாசச் செனை, இவ்ளோ தூரம் ஒரே மூச்சா நீந்துனா மாடு பொழச்சாலும் கன்னு பொழைக்காது. பாதியில மூச்சு வாங்க நிக்கணும். எங்க நிக்கும்? ஆத்து மேலயா?"

"மண்டபத்து மேல."

எல்லோரும் ஆற்றின் நடுவைத் திரும்பிப் பார்த்தோம்.

அணை கட்டுவதற்கு முன்னால் இருந்த ஊரின் மிச்சம் அந்தக் கல் மண்டபம். திட்டுக்கும் கரைக்கும் ஏறக்குறைய நடுவில் இருக்கிறது. கோடையில் வெளியே தெரியும். வண்டல் ஏறி ஏறி இப்போது ஓர் ஆள் கையைத் தூக்கினால் கூரைக் கல்லைத் தொடலாம். திட்டைப் பார்த்த பக்கம் இரண்டு பெரிய பலகைக் கற்கள் சரிந்து, மாட்டு வண்டியில் மூட்டை ஏற்றச் சாய்த்துவைத்த பலகை போலக் கிடக்கும். இப்போது அங்கே ஒன்றும் இல்லை. எல்லா இடமும் ஒரே சிவப்பு.

"எவ்ளோ ஆழத்துல கெடக்குதோ" என்றார் பச்சியப்பன்.

அக்கா கரையோரம் இருந்த சப்பட்டைப் பாறையை நோக்கி நடந்தார். அதுவும் தண்ணீருக்குள் போயிருந்தது. அதன் மேல் ஏறி நின்று புடவையைக் கொஞ்சம் தூக்கிக் காட்டினார். முழங்காலுக்கு நாலு விரல் கீழே தண்ணீர்.

"போன வருசம் தண்ணி ஏறுறப்ப பாத்து வச்சேன். இந்தப் பாற முங்குன அதே நேரத்துல அங்க மண்டபம் முங்குச்சு. ரெண்டும் ஒரே மட்டம். தண்ணிக்கு மேடு பள்ளம் கெடையாதுங்கண்ணா. இங்க முழங்காலுக்குக் கீழன்னா அங்கயும் அப்பிடித்தான். இப்ப மணிக்கு நாலு விரல் ஏறுது. இடுப்புக்கு வந்துட்டா மாடு நிக்காது, தண்ணி தள்ளிரும். இப்பவே போனா நிக்கும்."

"இந்தக் கணக்காச்சும் சரிதானா?" என்றார் ஆண்டி மாமா. இந்த முறை கிண்டலாகக் கேட்கவில்லை.

"தப்புன்னா ரெண்டு உசுரு போவும் மாமா. நாம போவாட்டியும் போவும்."

பச்சியப்பன் அண்ணன் பரிசலை நிமிர்த்தினார். மாடு ஒரு பக்கம் இழுக்கும்போது பரிசல் சாயாமல் இருக்க எதிர்ப் பக்கம் ஓர் ஆள் வேண்டும் என்றார். "கனமா இருக்கணும். நொய்நொய்னு பேசக் கூடாது."

"பாரதி போவட்டும்" என்றார் ஆண்டி மாமா. "அவன் வாயத் தொறந்து நான் பாத்ததே இல்ல. அரிசி மூட்ட கணக்கா உக்காந்திருப்பான்."

"எனக்கு நீச்சல் தெரியாதுங்க" என்றேன்.

"பாத்தியா, பேசிட்டான்!"

"தெரியாதவன்தான் வேணும்" என்றார் பச்சியப்பன். "தெரிஞ்சவன் பயந்தா தண்ணியில குதிச்சிருவான். இவன் பரிசலக் கட்டிப் புடிச்சிட்டுக் கெடப்பான். ஏறு தம்பி."

ஏறினேன். மறுக்கத் தெரியவில்லை என்பதுதான் உண்மை.

எங்கள் மூவரோடு பரிசல் கரையை விட்டதும் உலகம் மெதுவாகச் சுற்ற ஆரம்பித்தது. கரை, திட்டு, கரட்டுக் குன்று, கரை. ஆறு பக்கத்தில் வந்தபோது அது சத்தமில்லாதது அல்ல என்று தெரிந்தது. அடியில் எங்கோ மணல் உருளும் சத்தம் ஃபைபர் வழியாக என் பாதத்துக்கு ஏறியது. வேரோடு ஒரு வேலமரம் எங்களைக் கடந்து போனது. அதன் கிளையில் ஓர் ஓணான் அசையாமல் உட்கார்ந்திருந்தது. அக்காவின் போன் அடித்தது. இளம்பரிதி மாமாவின் குரல் எனக்கே கேட்டது: "மாடு போனா போவுது, நீ தண்ணியில எறங்காத." "எறங்கியாச்சு, வையி" என்று அக்கா போனைப் பிளாஸ்டிக் பையில் சுற்றிப் பரிசலுக்குள் போட்டார்.

திட்டில் தரை தெரியவில்லை, எறும்புகள்தான் தெரிந்தன. சாய்ப்பின் கால்களில் கறுப்பாக மேலேறிக்கொண்டிருந்தன. செவலையின் குளம்புகள் நனைந்திருந்தன. அது அக்காவைப் பார்த்து ஒரு முறை கத்தியது. அக்கா அதன் நெற்றியில் தன் நெற்றியை வைத்தார். பிறகு தலைக்கயிற்றைச் சரிபார்த்து, கைக்குள் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டார்.

"கயித்த பரிசலுக்குக் குடு" என்றார் பச்சியப்பன்.

"அது பரிசல் பின்னால வராதுங்கண்ணா. என் பின்னாலதான் வரும்."

சொல்லிவிட்டு முதுகை ஆற்றுக்குக் காட்டி, மாட்டைப் பார்த்தபடி பின்னோக்கித் தண்ணீருக்குள் நடந்தார். முழங்கால், இடுப்பு, மார்பு. "ந்தா... ந்தா... வா கண்ணு." தனக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று அவர் ஒரு முறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. பின்னால் இருந்தது காவிரி. செவலை ஓர் அடி வைத்தது, நின்றது, இன்னோர் அடி வைத்தது. அதன் முதுகு தண்ணீருக்குள் மெல்ல இறங்கி, கடைசியில் கொம்பும் கண்ணும் மூக்கும் மட்டும் மிஞ்சின. மண்ணை விட்டுவிட்டது. ஒரு மாடு மண்ணை விடும் அந்தக் கணத்தில் அதன் கண் வெள்ளையாகத் திறந்துகொள்கிறது.

அக்கா ஒரு கையால் பரிசலின் விளிம்பைப் பிடித்தார். மறு கையில் தலைக்கயிறு. பரிசலுக்கும் மாட்டுக்கும் நடுவில் அவரே ஒரு கயிறாக நீண்டு மிதந்தார். "கால்கிட்டப் போவாத, ஒதச்சா முடிஞ்சது!" என்று கத்திக்கொண்டே பச்சியப்பன் துடுப்பைப் போட்டார். நான் எதிர் விளிம்பில் மல்லாந்து சாய்ந்து என் எடை முழுவதையும் அந்தப் பக்கம் கொடுத்தேன். என் கையில் ஒரு மூங்கில் கழி. பரிசல் சுற்றுவதால் அவர்கள் இருவராலும் கரையைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. பார்க்க வேண்டியவன் நான்.

"பாரதி, மொபைல் டவரும் கரட்டு மேல இருக்கிற ஒத்தப் பாறையும் ஒண்ணு பின்னால ஒண்ணா வரணும். வந்தாச் சொல்லு. வந்ததும் கழிய எறக்கு."

டவர் பாறைக்கு இடப்பக்கம் நின்றது. பார்வையை எடுக்காமல் இருக்கத் தலையைத் திருப்பிக்கொண்டே இருந்தேன். செவலையின் மூச்சு பக்கத்தில் துருத்தி போலக் கேட்டது. ஒவ்வொரு மூச்சுக்கும் மூக்கிலிருந்து தண்ணீர் சீறியது. டவர் நகர்ந்தது. பாறையைத் தொட்டது. பாறை அதன் பின்னால் மறைந்தது.

"வந்திருச்சு!"

கழியை இறக்கினேன். ஒன்றும் இல்லை. என் தோள்வரை இறக்கியும் தண்ணீர்தான். ஆறு கழியைப் பிடுங்கப் பார்த்தது.

"தட்டுதா?"

"இல்லீங்க."

"நல்லாப் பாரு!"

"இல்லக்கா."

செவலையின் மூக்கு ஒரு முறை தண்ணீருக்குள் போய் வந்தது. அக்கா அதன் தாடையைத் தன் தோளில் தாங்கினார். அவர் முகமும் முங்கி எழுந்தது. எழுந்ததும் இருமிக்கொண்டே சொன்னார்: "நாம கீழ எறங்கிட்டோம்ணா. தண்ணி இழுத்திருச்சு. ரெண்டு பாகம் தூரம் மேல போங்க. டவரும் பாறையும் மறுபடி ஒண்ணாகணும்."

"மேலயா? எதுத்தா?"

"போங்கண்ணா!"

பச்சியப்பனின் கழுத்து நரம்புகள் விடைத்தன. பரிசல் நகர்ந்ததா என்று எனக்குத் தெரியவில்லை. விலகிப்போயிருந்த டவர் மட்டும் மிக மெதுவாகப் பாறையை நோக்கித் திரும்பி வந்தது. நான் குத்திக்கொண்டே இருந்தேன். தண்ணீர். தண்ணீர். தண்ணீர். பிறகு கழி நின்றது. அடியில் ஏதோ ஒன்று, மிகப் பழையதும் சிறிதும் அசையாததுமான ஒன்று, என் உள்ளங்கைக்குத் திருப்பித் தட்டியது.

"தட்டுது! அக்கா, தட்டுது!"

நான் அப்படிக் கத்துவேன் என்று எனக்கே தெரியாது. அதே நேரம் செவலையின் உடம்பு குலுங்கியது. முன்கால் எதையோ கண்டுகொண்டது. வழுக்கியது, மறுபடி கண்டுகொண்டது. பிறகு அது எழுந்தது. முதலில் திமில், பிறகு முதுகு, பிறகு அந்தப் பெரிய வயிறு. தண்ணீர் ஓடைகளாக வழிய, செக்கச் சிவந்த ஆற்றின் நடுவில், நான்கு பக்கமும் கரையே இல்லாத இடத்தில், ஒரு சினை மாடு ஏறி நின்றது.

இதை எப்படிச் சொல்வது என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. நான் பார்த்ததைச் சொல்கிறேன். ஆறு அதன் கால்களைச் சுற்றிக்கொண்டு போனது. பக்கத்தில் அக்கா நின்றார், கை இன்னும் கயிற்றில். அவரும் ஆற்றின் மேல்தான் நின்றார். அவர்கள் காலடியில் நூற்றாண்டுக்கு முன்னால் யாரோ செதுக்கிப் போட்ட கல். மழைக்கு ஒதுங்கவும் வெயிலுக்குப் படுக்கவும் போட்டிருப்பார்கள்.

பச்சியப்பன் அண்ணன் துடுப்பைக் குறுக்கே போட்டுவிட்டு அக்காவின் காலைப் பார்த்தார். தண்ணீர் சரியாக முழங்காலில் இருந்தது.

"முழங்காலுதான்" என்றார், தனக்குத் தானே.

செவலை வாலைத் தூக்கி நிதானமாக மூத்திரம் பெய்தது. "பெய்யி தாயி" என்றார் அவர். "மேட்டூரு நெறையட்டும்." அக்கா அப்போதுதான் சிரித்தார். சிரிக்கும்போது அவர் பற்கள் தந்தியடித்ததைப் பார்த்தேன். குளிராக இருக்கலாம்.

மாட்டின் மூச்சு அடங்கும்வரை நின்றோம். கால் மணி நேரம் இருக்கும். பிறகு கிளம்புவது கஷ்டமாக இருந்தது. ஒரு முறை கல் கிடைத்த மாடு அதை விட்டு வர மறுத்தது. அக்கா முதலில் இறங்கினார். அவர் தலை மட்டும் தெரிந்ததும் செவலை கத்தியது, கத்திக்கொண்டே குதித்துவிட்டது. அலையில் பரிசல் ஒரு சுற்றுச் சுற்றியது. அதற்குப் பிறகு மாட்டுக்கு எங்கள் கரை தெரிந்துவிட்டது. பச்சியப்பன் துடுப்பை மேலே எடுத்துக்கொண்டார். செவலை நீந்த, அதன் கயிற்றில் அக்கா போக, அக்காவின் கையில் பரிசல் போக, பரிசலில் நாங்கள் இரண்டு பேர் சும்மா உட்கார்ந்து போனோம்.

நூறு கெஜம் கீழே, பாதி முங்கிப்போன எள்ளுக் கொல்லையில் ஏறினோம். ஊர் ஓடி வந்தது. அக்காவின் முழங்கால் தோல் உரிந்து ரத்தம் வந்தது. அதை யார் சொல்லியும் அவர் பார்க்கவில்லை. செவலை கால்களை அகட்டி நின்று நடுங்கியது. என் அம்மா கோணிப்பையால் அதன் முதுகைத் துடைத்தாள்.

"எல்லாரும் கொஞ்சம் சும்மா இருங்க" என்றார் அக்கா.

மாட்டின் வலப்பக்க வயிற்றில், தொடைக்கு முன்னால், உள்ளங்கையை வைத்தார். கண்ணை மூடிக்கொண்டார். நாங்கள் அவர் முகத்தைப் பார்த்தோம். முகத்தில் ஒன்றும் வரவில்லை. கையைக் கொஞ்சம் கீழே இறக்கினார். இன்னும் கொஞ்சம் முன்னால். ஆண்டி மாமா வாயிலிருந்த குச்சியை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். செவலையின் தோல் நடுங்கியது; ஆனால் அது குளிரின் நடுக்கம் என்று எல்லோருக்கும் தெரிந்தது. அக்கா காதை வயிற்றில் வைத்தார். ஈர வயிறும் ஈரக் கன்னமும். போன வருடம் அவர் இப்படித்தான் ஒரு வாரம் நின்றிருக்க வேண்டும்.

எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. சூரியன் கரட்டைத் தாண்டி எங்கள் மேல் விழுந்தது. மாட்டின் முதுகிலிருந்து ஆவி எழும்பியது. பச்சியப்பன் அண்ணன் ஆற்றைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார்.

அப்போது நானே பார்த்தேன். அக்காவின் கைக்கு ஒரு சாண் கீழே, செவலையின் தோலுக்கு அடியிலிருந்து, ஒரு முட்டி போன்றது வெளிப்பக்கம் புடைத்து, கொஞ்ச தூரம் இழுத்துக்கொண்டு போய், மறைந்தது. மறுபடி வந்தது. இந்த முறை அக்காவின் கன்னத்திலேயே உதைத்தது.

அக்கா முகத்தை எடுத்தார். கன்னத்தைத் தடவிக்கொண்டார். இவ்வளவு நேரம் நின்றவர், எள்ளுக் கொல்லைச் சேற்றில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்தபடியே கையை நீட்டி அந்த வயிற்றைச் செல்லமாக ஓர் அடி அடித்தார்.

"ஏன்டி, ஆத்தத் தாண்டுற வரைக்கும் தூங்கிட்டா வந்த?"